புது வீடு, நம் சாயல்: உள் அலங்காரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் புதிதாகக் கட்டும் தனி வீடுகளை மனத்தில் வைத்து எழுதியது. செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, 10 அடி உயரத்தில் கூரைத் தளம் என்ற வழக்கமான அமைப்புதான் கணக்கு. அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு ஊஞ்சல், பழைய கதவு நிலை பற்றிய பதில்கள் தவிர மற்றவை பொருந்தும்.

அலங்காரத்தைப் பற்றி எப்போது யோசிக்கத் தொடங்க வேண்டும்? வீடு முடிந்த பிறகு போதாதா?

பாதிக்குப் போதும், பாதிக்குப் போதாது. சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் தரைக்கடியிலும் போகிறவற்றைப் பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பிளக் பாயிண்ட், சுவர் விளக்கின் ஒயர், ஊஞ்சல் கொக்கி, தரையின் மட்டம், பழைய கதவு வைப்பதானால் அதன் அளவு ஆகியவை இதில் அடங்கும். பூச்சு முடிந்த பிறகு இவற்றில் எதை மாற்றினாலும் சுவரைக் காடி வெட்ட வேண்டும், பூச்சில் ஒட்டுப் போட வேண்டும். அந்த ஒட்டு எத்தனை கோட் அடித்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும்.

திரை, சோபா, படம், விரிப்பு, அடர் நிறச் சுவர் போன்றவற்றைக் குடிபோய் இரண்டு மூன்று மாதம் கழித்து வாங்கினால் நல்லது. மாலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது, வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள், சாவியை எங்கே போடுகிறார்கள் என்பதெல்லாம் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சோபாவுக்குக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள், பிளக் பாயிண்டை எலக்ட்ரீஷியன் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

எங்களுக்கென்று தனி ரசனை இருக்கிறதா என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கைபேசியில் படம் சேர்ப்பதற்கு முன் இப்போது இருக்கும் வீட்டைச் சுற்றி வாருங்கள். எதைத் தூக்கிப் போட மனம் வராதோ அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் நீளம், அகலம், உயரத்தையும் குறியுங்கள். பாட்டியின் தேக்கு பீரோ, பித்தளை அண்டா, தாத்தாவின் சாய்வு நாற்காலி, தையல் மிஷின், புத்தக அலமாரி என்று பத்துப் பன்னிரண்டு சேரும். அவற்றின் நிறங்களைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிறங்களே திரும்பத் திரும்ப வரும். கட்டிப் பழகிய புடவைகளையும் சட்டைகளையும் எடுத்துப் பார்த்தாலும் அதே நிறங்கள் கிடைக்கும்.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். 6½ அடி பீரோவுக்கு மேல் பரண் வருகிறதா? தையல் மிஷினுக்குப் பகல் வெளிச்சமும் பக்கத்தில் ஒரு பிளக்கும் இருக்கிறதா? ஹால் என்றாலே மார்பிள் போலத் தோற்றமளிக்கும் லேமினேட் பலகையில் டிவியை மாட்டி, பின்னால் நீல விளக்கு ஓட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் வீட்டில் டிவி பார்ப்பவர் ஒருவர்தான் என்றால் ஹாலின் நல்ல சுவரை அதற்குக் கொடுக்காதீர்கள்.

ஸ்விட்ச், பிளக் எந்த உயரத்தில் வைக்கச் சொல்ல வேண்டும்?

ஸ்விட்ச் போர்டுக்குத் தரையிலிருந்து 4 அடி வசதியானது. கட்டில் பக்கத்தில் போர்டை 27 முதல் 30 அங்குலத்தில் வையுங்கள். மெத்தையும் பக்க மேஜையும் அதற்குக் கீழே நின்றுவிடும், படுத்தபடியே கை எட்டும். அங்கேயே மின்விசிறிக்கும் விளக்குக்கும் டூ-வே ஸ்விட்ச் (இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்கக்கூடியது) கேளுங்கள். கட்டிலின் அளவு தெரியாமல் இதைச் செய்ய முடியாது. 6 அடி அகலக் கட்டில் என்றால் அதைச் சுவரில் சாக்கட்டியால் வரைந்து, இருபுறமும் 6 அங்குலம் தள்ளிப் போர்டைக் குறித்துக் கொடுங்கள். அளவெடுக்காமல் வைத்த போர்டு கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

படத்துக்கு மேல் விளக்கு வேண்டுமானால் 7 அடியில் ஒரு ஒயர் முனை விடச் சொல்லுங்கள். பூஜை அறைக்கு உள்ளே ஒரு பிளக், ஹாலில் கொலு வைக்கும் சுவரோரம் ஒரு பிளக், கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாசல் பக்கம் ஒரு பிளக் என்று இந்த மூன்றும்தான் வழக்கமாக விட்டுப்போகிறவை. ஒயரிங் குழாய் பதித்ததும், பூச்சுக்கு முன், ஒவ்வொரு சுவரையும் டேப்பை ஓரத்தில் பிடித்தபடி போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது ஒயர் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படங்கள்தான் சொல்லும்.

ஹாலில் ஊஞ்சல் வேண்டும். தளம் போட்ட பிறகு மாட்டலாமா?

தளம் போடும் முன்பே கொக்கி வைப்பதுதான் சரி. சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பியை வளைத்து, பீமின் மேல் கம்பிகளைச் சுற்றிக் கொண்டுவந்து, கொக்கி கீழே தெரியும்படி கட்டிவிட்டுக் கான்கிரீட் போடுவார்கள். 16 அல்லது 20 மி.மீ. கம்பி வழக்கம். எது போதும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும். முறுக்குக் கம்பியை இதற்கு வளைக்க விடாதீர்கள். இறுக்கமான வளைவில் அதில் கீறல் விழ வாய்ப்பு உண்டு. வெறும் தளத்தைவிடப் பீமில் கொக்கி வைப்பது நல்லது. நாலு பேர் உட்கார்ந்தால் 250 கிலோவைத் தாண்டிவிடும், ஆடும்போது இழுவை அதைவிடக் கூடும்.

பலகை 5 அல்லது 6 அடி நீளம், 1½ முதல் 2 அடி அகலம். தரையிலிருந்து உட்காரும் உயரம் 18 அங்குலம். கொக்கிகளின் இடைவெளி சங்கிலி மாட்டும் புள்ளிகளுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், சாய்வாக இருந்தால் சங்கிலி பலகையை ஒரு பக்கம் இழுக்கும். ஆடுவதற்கு முன்னும் பின்னும் 4 அடி காலியிடம் விடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கண்ணாடிக் கதவுக்கு நேராக வேண்டாம்.

தளம் ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? துளைத்து கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் ரசாயனப் பசையால் பிடிக்க வைக்கும் கம்பி) வைக்கும் முறை உண்டு, ஆனால் பொறியாளர் பார்க்காமல் செய்யக்கூடாது. தரையில் நிற்கும் மரச் சட்டத்தோடு வரும் ஊஞ்சல் அழகில் ஒரு மாற்றுக் குறைவுதான், தலைக்கு மட்டும் ஆபத்தில்லை.

ஆத்தங்குடி தரை போட ஆசை. வீடு முழுக்கப் போடலாமா?

போடலாம், ஆனால் அது எப்படிப்பட்ட கல் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில் செய்யப்படும் இந்தப் பூக்கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பை அச்சுக்குள் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, மேலே எந்தக் காப்புப் பூச்சும் இல்லை. அதனால் கறையை உறிஞ்சும், அமிலம் பட்டால் அரிக்கும். எலுமிச்சை, புளி, கழிப்பறை ஆசிட் மூன்றும் ஆகாது. ஹால், படுக்கையறை, திண்ணை, பூஜை அறைக்குப் பொருத்தம். சமையலறைக்கும் குளியலறைக்கும் வேண்டாம்.

சிக்கல் வருவது பெரும்பாலும் மட்டத்தில்தான். விட்ரிஃபைடு டைல் 9 அல்லது 10 மி.மீ. கனம், ஆத்தங்குடி கல் ஏறக்குறைய அதைப் போல இரு மடங்கு, அதன் கீழே கலவைப் படுகை வேறு. ஹாலில் ஒன்று, அறையில் மற்றொன்று என்று போட்டால் அறை வாசலில் படி விழும், அல்லது கதவின் அடி உரசும். எந்த அறைக்கு எந்தக் கல் என்பதைக் காங்கிரீட் தரை போடும்போதே மேஸ்திரியிடம் எழுதிக் கொடுங்கள்.

10க்கு 12 அடி அறை 120 சதுர அடி. 10 அங்குலக் கல் ஒன்று 0.69 சதுர அடி, ஆக 174 கல் தேவை. வெட்டும் சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 192 வாங்குங்கள். ஓரத்துக்குப் பார்டர் கல் என்றால் கணக்கு வேறு, ஓவியம் போட்டுப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். கையால் செய்வதால் ஒரு தடவை செய்த நிறமும் அடுத்த தடவை செய்ததும் சற்று மாறும். ஒரே தடவையில் செய்யச் சொல்லி, பத்துக் கல்லைப் பரணில் போட்டு வையுங்கள்.

பதித்த பிறகு பெயிண்டரை உள்ளே விட்டால் சொட்டுக் கறை தங்கிவிடும். எனவே இதைக் கடைசி வேலையாக வையுங்கள், முடியாவிட்டால் கனமான பாலித்தீன் ஷீட்டால் தரையை முழுக்க மூடுங்கள். முதல் சில வாரங்கள் வெறும் தண்ணீரில் துடைத்து, சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் அதிகமானால் தூசி ஒட்டிக் கறுக்கும். கால் பட்டுப் பட்டுத்தான் இதற்கு மெருகு ஏறும்.

காரைக்குடியில் பழைய கதவு, தூண் வாங்கப் போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகும்போது டேப், டார்ச், சின்ன ஸ்க்ரூ டிரைவர் மூன்றும் பையில் இருக்கட்டும். நிலையின் அடிக்கட்டையைத்தான் முதலில் பாருங்கள், ஈரமும் கரையானும் அங்கேதான் தொடங்கும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தும்போது உள்ளே இறங்கினால் விட்டுவிடுங்கள். சிறு துளைகள் இருந்தால் கீழே புதிய மரத்தூள் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தூள் இருந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. தட்டினால் டொப்பென்று சத்தம் வரும் இடம் பட்டி (புட்டி) வைத்து நிரப்பியதாக இருக்கலாம்.

பிறகு அளவு. பழைய நிலைகள் கனமானவை, வாசல் திறப்பின் உயரமும் இன்றைய 7 அடிக்கு ஒத்துவராமல் போகலாம். ஆகவே கதவை வாங்கிவிட்டுச் சுவரை எழுப்புங்கள். சுவர் எழும்பிவிட்டதென்றால் கதவாக வேண்டாம், அதே பலகையை மேஜையாகவோ கட்டிலின் தலைமாடாகவோ வைத்துக்கொள்ளலாம்.

பெயிண்டர் "இப்பவே அடிச்சிடலாம் சார்" என்கிறார். எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

பூச்சுக்குத் தண்ணீர் விட்டு ஆற்றியபின் குறைந்தது 4 முதல் 6 வாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூட. புதுச் சிமெண்ட் பூச்சில் ஈரமும் காரமும் இருக்கும். ஈரம் வெளியேறும்போது உப்பையும் இழுத்து வந்து மேலே வெள்ளையாகப் பூக்க வைக்கும், காரம் பெயிண்டின் பசையை அரித்து நிறத்தைத் திட்டுத் திட்டாக வெளுக்கச் செய்யும்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க 2 அடிக்கு 2 அடி தெளிவான பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் தயாராகவில்லை. குளியலறையை ஒட்டிய சுவர், மொட்டை மாடிக்குக் கீழுள்ள சுவர், தரையிலிருந்து 1 அடி உயரம் என மூன்று இடத்திலாவது பாருங்கள்.

உப்புப் பூத்த இடத்தில் மேலே பட்டி வைத்து மூடுவார்கள். இரண்டே மாதத்தில் அது பொருக்காக உரியும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்த பிறகே பட்டி.

வெள்ளைச் சிமெண்ட் பட்டி என்றால் சுவரை லேசாக நனைத்து நேரடியாக இரண்டு கோட், அதன் மேல் பிரைமர், பிறகு எமல்ஷன். இரண்டு கோட்டும் சேர்ந்து 1½ மி.மீ. தாண்டக்கூடாது. பூச்சின் மேடு பள்ளத்தைப் பட்டியால் நிரப்ப முயன்றால் அது பாளம் பாளமாகக் கழன்று வரும். உப்புத்தாள் போட்டபின் இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், அலை அலையாக எல்லாம் தெரியும். அப்போதே சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

நிறத்தை எப்படித் தேர்வது? எவ்வளவு வாங்குவது?

ஷேடு கார்டில் பார்த்த நிறம் நாலு சுவரிலும் ஏறும்போது இன்னும் அழுத்தமாகத் தெரியும். பிடித்த நிறத்துக்கு ஒரு படி இளையதையும் சேர்த்துச் சின்ன டப்பா வாங்கி, 3 அடிச் சதுரமாக எதிரெதிர் சுவர்களில் இரண்டு கோட் அடியுங்கள். காலை, மாலை, இரவு விளக்கில் என்று இரண்டு நாள் பாருங்கள். மேற்குப் பார்த்த அறையில் மாலை வெயில் சந்தன நிறத்தை ஆரஞ்சாக்கிவிடும். தரை ஏற்கெனவே சிவப்பும் பச்சையுமாகப் பூ போட்டிருந்தால் சுவர் ஒதுங்கி நிற்கட்டும், சுண்ணாம்பு வெள்ளையே போதும்.

10க்கு 12 அறை, உயரம் 10 அடி. சுவர் 440 சதுர அடி, கதவும் ஜன்னலும் போக 400. நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 60 சதுர அடி ஓடும் என்று வைத்தால் 7 லிட்டர், கூரைக்குத் தனியாக 2 லிட்டர். அடர் நிறத்துக்கு மூன்றாவது கோட் கேட்கும். மீதமுள்ள பெயிண்டை இறுக மூடி, ஷேடு எண்ணையும் எந்த அறை என்பதையும் டப்பாவின் மேலேயே எழுதி வையுங்கள்.

பளபளப்பு கூடக் கூட சுவரின் கோணல் வெளியே தெரியும், ஆனால் துடைக்க எளிது. குழந்தைகள் ஓடும் நடைக்கு மட்டும் லேசாகப் பளபளக்கும் சாட்டின், மற்றதற்குப் பளபளப்பில்லாத மேட் என்பது எங்கள் பரிந்துரை.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. வேலை முடியவில்லையே?

முடியாமல் இருப்பதே ஒரு வகையில் நல்லது. பிரைமரும் ஒரு கோட் எமல்ஷனும் அடித்து நிறுத்துங்கள். ஹோமப் புகை, மஞ்சள் கை, வாழைமரம் கட்டிய அடையாளம் எல்லாம் முடிந்தபின் கடைசிக் கோட் அடித்தால் சுவர் சுத்தமாக இருக்கும். ஹோமத்தை டைல் மேல் நேராக வைத்தால் சூட்டில் கல் வெடிக்கும். கீழே 3 அங்குலம் மணல், அதன் மேல் செங்கல், அதன் மேல் குண்டம். பால் காய்ச்சும் அடுப்புக்கும் அப்படியே.

ஃபால்ஸ் சீலிங் அவசியமா?

அவசியமில்லை. 10 அடியில் 6 முதல் 8 அங்குலம் போய்விடும், மின்விசிறியைக் கம்பி நீட்டி இறக்க வேண்டும். விசிறி தளத்தின் கொக்கியிலிருந்துதான் தொங்க வேண்டும், ஜிப்சம் பலகையிலிருந்து அல்ல. மாடிக் கசிவு இருந்தால் பலகை மஞ்சளாகும் வரை தெரியாது. ஏ.சி. குழாயை மறைக்க ஒரு ஓரத்தில் மட்டும் இறக்குவது நியாயம்.

விளக்கு எந்த வெள்ளை?

கடையில் சும்மா கேட்டால் 6500 கெல்வின் கொடுப்பார்கள், நீலம் பாய்ந்த வெள்ளை. ஹாலுக்கும் படுக்கைக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் மஞ்சள் சாயலுள்ள 3000, சமையலறைக்கும் படிப்பு மேஜைக்கும் 4000 கேளுங்கள். ஒரே அறையில் இரண்டையும் கலக்காதீர்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். 90க்கு மேல் இருந்தால் புடவையின் அரக்கும் மரத்தின் தேன் நிறமும் உள்ளபடி தெரியும். சாப்பாட்டு மேஜை மேல் தொங்கும் விளக்கு பலகையிலிருந்து 30 முதல் 34 அங்குலம் மேலே நிற்க வேண்டும். மேஜையை நகர்த்தினால் விளக்கு நகராது என்பதால் இடத்தை உறுதி செய்தபின் ஒயர் விடுங்கள்.

அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையைத் திரையாக்கலாமா?

அருமையாக வரும். கணக்கு இதோ. புடவை 5½ மீட்டர் நீளம், ஏறக்குறைய 46 அங்குல அகலம். 4 அடி உயர ஜன்னலுக்கு மேலே 6 அங்குலம் ராடு, கீழே 6 அங்குலம் இறக்கம், மடிப்புக்கு 8 அங்குலம் என்றால் ஒரு துண்டு 5 அடி 8 அங்குலம். ஒரு புடவையில் மூன்று துண்டு கிடைக்கும். மூன்றும் சேர்ந்து 138 அங்குலம், 5 அடி அகல ஜன்னலுக்கு 2.3 மடங்கு. சுருக்கம் நன்றாக விழ இரண்டு முதல் இரண்டரை மடங்கு வேண்டும் என்பதால் இது சரியாகப் பொருந்துகிறது.

முந்தானை ஒரு துண்டில் மட்டும் வரும். அந்தத் துண்டை நீளவாக்கில் பாதியாக வெட்டி, இரண்டு திரையின் வெளி ஓரத்திலும் பாதி பாதியாக, முந்தானை கீழே வரும்படி தைக்கச் சொல்லுங்கள். அப்போது இரு பக்கமும் சமமாகத் தெரியும். வெட்டும் முன் ஒருமுறை துவைத்து, சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பாருங்கள். பின்னால் வெள்ளைக் காடா உள்துணி கட்டாயம். உள்துணி இல்லாத பருத்தி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு கோடையில் நைந்துவிடும். நைந்த இடத்தில் விரலை வைத்தாலே கிழியும் பழைய பட்டுப் புடவையை இதற்கு எடுக்காதீர்கள். கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டுங்கள்.

குடும்பப் படங்களையும் தஞ்சாவூர் ஓவியத்தையும் எப்படி மாட்டுவது?

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருந்தால் நின்றபடி பார்க்கலாம். அந்தக் காலத்தில் நிலைக்கு மேலே கயிற்றில் சாய்த்து மாட்டியதன் காரணம், கீழிருந்து பார்ப்பவருக்கு முகம் தெரிய வேண்டும் என்பதுதான். மேலே மாட்டுவதானால் அந்தச் சாய்வை விடாதீர்கள். பல படங்களை ஒரே சுவரில் மாட்டும்போது ஒவ்வொன்றின் அளவிலும் செய்தித்தாள் வெட்டி, டேப்பால் ஒட்டிப் பார்த்தபின் துளையிடுங்கள். இடையே 2 முதல் 3 அங்குலம் போதும்.

மூலப் போட்டோவை ஸ்கேன் செய்து, பிரதியை மாட்டி, மூலத்தைப் பெட்டியில் வையுங்கள். வெயில் ஒருமுறை வெளுத்தது திரும்பாது. மழைபடும் வெளிச்சுவரின் உள்பக்கம் மாட்டும் எந்தப் படத்துக்கும் சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டுங்கள், காற்று ஓட இடம் கிடைக்கும். தஞ்சாவூர் ஓவியத்துக்கு வெளிச்சுவரே வேண்டாம். பலகை மேல் ஒட்டிய துணியும், சுண்ணக் கலவையால் எழுப்பிய மேட்டின் மேல் தங்க ரேக்கும் இருப்பதால் ஓதம் பட்டால் மேடு வெடித்து ரேக் தூக்கும். பூஜை விளக்குப் புகைக்கும் நேர் மேலே வைக்காதீர்கள்.

செங்கல் சுவருக்கு 6 மி.மீ. துளை, அதற்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக், ஸ்க்ரூ போதும். இலேசான ஏ.ஏ.சி. கல் (காற்றுக் குமிழ் நிறைந்த கான்கிரீட் கல்) சுவரில் சாதாரண பிளக் சுழன்று வெளியே வந்துவிடும், அதற்கென்று உள்ள நீளமான நைலான் பிளக் கேட்டு வாங்குங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடாதீர்கள், ஒயர் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் ஓடும்.

கப்போர்டுக்கு எந்தப் பலகை?

சமையலறைக்கும் குளியலறையை ஒட்டிய சுவருக்கும் தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட். படுக்கையறைக்கு ஐ.எஸ். 303 போதும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தண்ணீர் பட்டால் ரொட்டி போல ஊதும், சிங்க்குக்குக் கீழே வைக்கவே கூடாது. சுவரோடு ஒட்டும் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள். வெட்டிய ஓரங்களில் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அடி ஓரத்தைத்தான் விட்டுவிடுவார்கள், கழுவிவிடும் தண்ணீர் முதலில் ஏறுவதும் அங்கேதான்.

கையில் பணம் தீர்ந்துவிட்டது. இப்போதைக்கு எதை வாங்குவது?

திரை ராடும் நல்ல பல்பும். உட்காருவதற்கு ஒரு பவானி ஜமுக்காளம், படுக்கப் பத்தமடைப் பாய். சோபா வர வேண்டிய இடத்தில் அதன் அளவுக்கு ஜமுக்காளத்தை விரித்துச் சில வாரம் புழங்குங்கள். சுற்றி நடக்க 3 அடி கிடைக்காமல் காலில் இடறுகிறதென்றால், வாங்க நினைத்த சோபா அந்த ஹாலுக்குப் பெரிது.